பழுதுபார்க்கப் போனவன்

அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த தமிழ்ப் பொறியாளரின் வாழ்க்கையை மிக உண்மையாகச் சொன்ன படைப்பு எது என்று என்னைக் கேட்டால், நம்மவர் எழுதிய நாவல் எதையும் என்னால் சொல்ல முடியாது. 2008 அக்டோபரில் வெளிவந்த 'டெட் ஸ்பேஸ்' என்ற வீடியோ கேமைத்தான் சொல்வேன். அதில் தமிழர் யாரும் இல்லை. தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. விண்வெளிக் கப்பல் ஒன்றில் பிணங்கள் உருமாறி எழுந்து, உயிரோடு இருப்பவர்களைக் குத்திக் கிழிக்கும் கதை அது. 17 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உகந்ததல்ல என்று உறையிலேயே போட்டிருக்கும். அப்படியிருந்தும் சொல்கிறேன். கோபம் வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

ஆடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலம் 26ஆம் நூற்றாண்டு. பூமியில் வளம் தீர்ந்துவிட்டதால் நிறுவனங்கள் தொலைதூரக் கிரகங்களையே உடைத்துத் தாது எடுக்கின்றன. அப்படி உடைக்கும் கப்பல்களில் ஒன்று 'இஷிமுரா'. அதனுடன் தொடர்பு அறுந்துபோகிறது. என்ன பழுது என்று பார்க்க ஒரு சிறு கப்பல் புறப்படுகிறது. அதில் போகும் பொறியாளன் ஐசக் கிளார்க். ஐசக் அசிமோவ், ஆர்தர் சி. கிளார்க் இருவர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர். இந்தக் கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, ஆட்டம் வெளிவந்த அதே 2008இல் கொழும்பில் காலமானவர்.

ஐசக் போர்வீரன் இல்லை. அவன் கையில் கிடைப்பவையும், ஒரேயொரு ராணுவத் துப்பாக்கி நீங்கலாக, பாறை வெட்டும் கருவி, ரம்பம், தீ கக்கும் குழல் என்று தொழிற்கூடத்துச் சாமான்களே. அவன் செய்யும் வேலைகளைப் பாருங்கள். முதலில் கப்பலுக்குள் ஓடும் டிராமைச் சரிசெய்கிறான். பிறகு இன்ஜின். பிறகு விண்கற்களைத் தடுக்கும் பீரங்கி. பிறகு நஞ்சாகிப்போன காற்று. பிறகு ஆன்டெனா. ஒன்றைச் சரிசெய்து நிமிர்வதற்குள் அடுத்தது பழுது என்று காதில் குரல் வருகிறது. சொல்பவர்கள் இருவர், பெரும்பாலும் திரையிலோ கண்ணாடிக்கு அப்பாலோ பத்திரமாக நின்றுகொண்டுதான் சொல்கிறார்கள். முதல் ஆட்டம் முழுவதும் ஐசக் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மூச்சிரைக்கிறான், வலியில் அலறுகிறான், சொன்னதைச் செய்கிறான்.

இப்போது சொல்லுங்கள். இந்த ஆளை உங்களுக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியும். 2008இல் எச்-4 விசாவில் எடிசனுக்கு வந்தவள் நான். படித்த படிப்பு பெட்டியில். வேலை செய்ய அனுமதி இல்லை. எச்-4இல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி 2015 மே மாதம்தான் வந்தது. அதுவரை பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். கணவர் வாங்கிவைத்து ஆட நேரமில்லாமல் தூசி படிந்த எக்ஸ்பாக்ஸில் நான்தான் இதை ஆடினேன். இந்த ஆட்டத்தில் ஐசக்கின் முகத்தை அநேகமாகப் பார்க்கவே முடியாது. முழுக்க முழுக்க முதுகுப் பக்கமிருந்துதான் அவனைப் பார்க்கிறோம். அவனுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பது திரையின் மூலையில் எண்ணாக இருக்காது. அவன் கவசத்தின் முதுகெலும்பு மேல் நீல விளக்காக எரியும். அடி வாங்க வாங்க அந்த விளக்கு குறைந்துகொண்டே வரும். அவனால் அதைப் பார்க்க முடியாது. பின்னால் இருக்கும் நமக்குத்தான் தெரியும். அந்த ஏழு ஆண்டுகளும் நான் என் கணவரைப் பார்த்தது அப்படித்தான். இரவு இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மேசையில், லேப்டாப்புக்கு முன்னால் குனிந்த முதுகு. காதில் ஒரு குரல். "யெஸ், ஐ ஆம் லுக்கிங் இன்டு இட்." அந்த முதுகில் விளக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதை ஒரு தமிழ்க் கதையில் நான் படித்ததில்லை. அதுதான் என் வழக்கு.

இலக்கியக் கூட்டங்களில் வீடியோ கேம் என்றதும் வரும் மறுப்புகள் மூன்று. நேரத்தைத் தின்னும்; ரத்தமும் சதையுமாக அருவருப்பு; நமக்குச் சம்பந்தமில்லாத அந்நியச் சரக்கு. முதலாவதற்குப் பதில் சொல்லும் அவசியம் எனக்கில்லை. மெகா சீரியல் பார்க்கும் சமூகம் நேரத்தைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது மறுப்பு தமிழ் படித்தவர்களிடமிருந்து வருவதுதான் வியப்பு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி வைத்து உண்கின்றன. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டு சுடுகாட்டில் நின்று பாடியவர். புதுமைப்பித்தன் 'காஞ்சனை' எழுதி எத்தனை காலமாகிவிட்டது. அச்சமும் இளிவரலும் தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் இரண்டு. பரணியில் கூழ் வெந்தால் காவியச் சுவை, திரையில் ஒரு கை துண்டானால் பண்பாட்டுச் சீரழிவு என்பது என்ன நியாயம்?

மூன்றாவது மறுப்புக்கு வரைபடமே பதில். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வானொலியில் செவ்வாய்க் கிரகத்தாரைக் கொண்டுவந்து இறக்கினார். எச். ஜி. வெல்ஸின் நாவலில் அவர்கள் இங்கிலாந்தில் இறங்கியவர்கள். வானொலி நாடகத்தில் இறங்கிய இடம் நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில். இன்று நம்மவர் கடன் வாங்கி வீடு வாங்கிக் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சர் டவுன்ஷிப்புக்குள்தான் அந்த இடம் இருக்கிறது. பூங்காவில் நினைவுச்சின்னம்கூட உண்டு. செவ்வாயின் நிலாக்களில் அரக்கர்களைத் திறந்துவிட்ட 'டூம்' 1993இல் டெக்சாஸின் மெஸ்கீட் ஊரில் உருவானது. டாலஸிலிருந்து கொஞ்ச தூரம்தான். 'டெட் ஸ்பேஸ்' உருவானது வளைகுடாப் பகுதியின் ரெட்வுட் ஷோர்ஸில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஸ்டூடியோவில். அதே ரெட்வுட் ஷோர்ஸில்தான் ஆரக்கிளின் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. அந்தக் கோபுரங்களுக்குள் தினமும் போய்வந்த தமிழர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பேய்களின் சொந்த ஊர்களில்தான் நாம் குடியிருக்கிறோம். அந்நியம் என்று எதைச் சொல்கிறோம்?

பேய் அல்ல இந்த ஆட்டத்தின் பயங்கரம். பேய்க்கு ஓர் அரைமணி நேரத்தில் பழகிவிடலாம். தலையில் சுட்டால் சாகாது, கைகால்களை வெட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். பழக முடியாத விஷயங்கள் வேறு. கப்பல் முழுக்கச் செத்துக் கிடக்கிறது; ஆனால் நிறுவனத்தின் கடை மட்டும் திறந்திருக்கிறது. சுவரில் பதித்த அந்த இயந்திரத்தில் காசு போட்டால்தான் குண்டும் மருந்தும் கிடைக்கும். நிறுவனத்தைக் காப்பாற்ற வந்தவன், நிறுவனத்திடமே தன் உயிரைத் தவணையில் வாங்குகிறான். பையைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்தால் மற்ற ஆட்டங்களில் உலகம் நின்றுபோகும், இதில் நிற்காது. நீங்கள் மருந்தைத் தேடும்போதே பின்னால் ஏதோ நடந்து வரும். காற்றில்லாத வெளியில் இறங்கினால் வெளிச் சத்தமெல்லாம் அடங்கி, அவன் மூச்சு மட்டும் கேட்கும். மிச்சமுள்ள காற்று நொடிக் கணக்கில் குறையும்.

எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் வேறு வேலை தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது. 2019இல் என் கணவருக்கு அது நேர்ந்தது. அப்போது ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். காலையில் வழக்கமான மீட்டிங் என்று அழைத்தார்கள். 15 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று பிற்பகல் வரை அவர் ஒரு பழுதைச் சரிசெய்துகொண்டிருந்தார். "பாதியில விட்டா நைட் யாராவது மாட்டிக்குவாங்க" என்றார். பிளேனோவில் அடுத்த வேலை கிடைத்தபோது 60இல் 11 நாள் மிச்சம். அந்த 49 நாளும் நான் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்துவந்தேன். காற்று குறைவதைப் பார்த்துப் பழகியிருந்ததால் எண்ணிக்கை தவறவில்லை.

இன்னொன்று. 'இஷிமுரா' உடைத்துக்கொண்டிருந்தது தடைசெய்யப்பட்ட கிரகம். பழுதுபார்க்க வந்தவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நாம் எழுதித் தரும் கோடு எதைத் தோண்டுகிறது, யாரை வேலையிலிருந்து தூக்குகிறது, யாருடைய காப்பீட்டை மறுக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? டிக்கெட் வந்தது, டிக்கெட்டை மூடினோம்.

இதைச் செய்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியாமல் இல்லை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் இணையர் 2004 நவம்பரில் பெயரை மறைத்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வாரக்கணக்கில் ஓய்வு நாளே இல்லாமல் வேலை வாங்குகிறார்கள், கூடுதல் நேரத்துக்குக் கூலி இல்லை என்று. தொடர்ந்து நடந்த வழக்குகளில் நிறுவனம் ஓவியர்களுக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரும், புரோகிராமர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் 'டெட் ஸ்பேஸ்' வருகிறது. பின்னர் விசரல் கேம்ஸ் என்று பெயர் மாறிய அந்த ஸ்டூடியோ 2017 அக்டோபரில் மூடப்பட்டது. கவனியுங்கள்: நம்மைப் பற்றி அந்தக் கடிதத்தை எழுதியது வீட்டில் காத்திருந்த ஒருவர். அமெரிக்காவில் அப்படிக் காத்திருந்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நாம் ஒரு கடிதம் எழுதவில்லை. கொலு வைத்தோம், சுண்டல் கொடுத்தோம், "அவருக்குக் கொஞ்சம் வேலை அதிகம்" என்று சிரித்தோம்.

ஆட்டத்தின் முடிவைச் சொல்லாமல் என் வாதம் முடியாது. ஐசக் அந்தக் கப்பலுக்கு வரக் காரணம், அங்கே மருத்துவராக இருக்கும் நிக்கோல். அவள் அனுப்பிய வீடியோவை அவன் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அது பாதியில் நின்றுவிடும். கப்பலுக்குள் அவள் அங்கங்கே தெரிகிறாள், பேசுகிறாள், உதவுகிறாள். கடைசியில் வீடியோவின் மீதி காட்டப்படுகிறது. அவள் முன்பே தன் உயிரை மாய்த்துக்கொண்டுவிட்டாள். பார்த்ததெல்லாம் பிரமை. மீதி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், பார்க்க மனமில்லை. ஆடுகிறவருக்கும் இது சொல்லப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பன்னிரண்டு அத்தியாயங்களின் ஆங்கிலத் தலைப்புகளில் முதலெழுத்தை மட்டும் சேர்த்துப் படித்தால் 'நிக்கோல் இஸ் டெட்' என்று வரும். தலைப்புகள் கண்முன் கிடந்தன. யாரும் கூட்டிப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஊருக்குப் பேசுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். "நல்லா இருக்கோம்ப்பா, நீ உடம்பப் பாத்துக்க." அதற்குமேல் நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. படத்தில் முகம் மெலிந்துகொண்டே வருகிறது. மாத்திரை டப்பா பெரிதாகிக்கொண்டே வருகிறது. எல்லாம் கண்முன் கிடக்கிறது. கூட்டிப் படித்தால் டிக்கெட் போட வேண்டியிருக்கும். டிக்கெட் போட்டால் விசா முத்திரைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் பாதி வீடியோ போதும் என்று வைத்துக்கொள்கிறோம். இந்த அளவுக்கு நேராக நம்மை நோக்கி விரல் நீட்டிய வேறொரு கதையை நான் சந்திக்கவில்லை.

ஆனால் நாம் எதை எழுதுகிறோம்? ஆற்றங்கரை, ஆலமரம், பாட்டி வைத்த வத்தக்குழம்பு. பனி பெய்யும் ஜன்னலோரம் காபி டம்ளருடன் ஊரை நினைத்துக்கொள்ளும் ஒருவர். அவர் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் எங்கே போய் வருகிறார் என்பது கதையில் இருக்காது. ஆஸ்டினில் இருந்த ஆர்கேன் ஸ்டூடியோ 2017இல் வெளியிட்ட 'பிரே' என்ற ஆட்டம் நினைவுக்கு வருகிறது. மோர்கன் யூ தன் அபார்ட்மென்டில் கண் விழிக்கிறார். பால்கனிக் கண்ணாடிக்கு அப்பால் அழகான நகரம், வானம். மறுபடி விழிக்கும்போதும் அதே நாள். ஒரு கட்டத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு கண்ணாடியை உடைத்தால், பின்னால் ஓர் ஆய்வுக்கூடம். நகரம் கண்ணாடியில் காட்டப்பட்ட படம். புலம்பெயர் இலக்கியம் என்ற பெயரில் நாம் பெரும்பாலும் செய்துகொண்டிருப்பது அந்தக் கண்ணாடிக்குப் படம் வரைவதுதான். ஹைஸ்கூல் அரங்கில் தெர்மோகோல் கோபுரம் கட்டிப் பொங்கல் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. நானும் கோலம் போடுவேன். எழுத்தும் தெர்மோகோலாக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

'வெண்பா' இருக்கிறதே என்பார்கள். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சமையல் ஆட்டம். 2024இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது பெற்றது. இட்லியைத் தட்டில் ஊற்றும் இடத்தில் நான் அழுதேன். அதைக் குறை சொல்ல வரவில்லை. கேமே வேண்டாம் என்றவர்கள்கூட அதை மட்டும் மேடையில் பாராட்டினார்கள், ஏன் என்று யோசித்தேன். அம்மா, சமையலறை, மறந்துபோகும் மொழி: இவை நமக்கு அனுமதிக்கப்பட்ட துயரங்கள். அலுவலகத்தில் நடப்பது அனுமதிக்கப்பட்ட துயரம் அல்ல. அதைச் சொன்னால் வெற்றிக் கதை கெட்டுவிடும். ஊரில் நிலம் வாங்கியது, சுற்றுச்சுவர் எழுப்பியது, தங்கை கல்யாணம் நடத்தியது எல்லாம் அந்த வெற்றிக் கதையின் மேல்தான் நிற்கிறது.

எழுத முடியாத விஷயம் என்றும் சொல்ல முடியாது. சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். பேய்க்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் 'கொலையுதிர் காலம்' எழுதினார்; 'என் இனிய இயந்திரா'வில் ஓர் இயந்திர நாயை வாசகர் மனத்தில் உட்காரவைத்தார். ஒரு பொறியாளர் தமிழில் எழுதிக் காட்டிவிட்டார். அவரைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் மூட்டைமூட்டையாக இங்கே வந்து இறங்கியது. வந்து இறங்கியதும் பேனாவை ஆற்றங்கரைக்குத் திருப்பிக்கொண்டது. ஹார்வர்டில் தமிழுக்கு இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினோம். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தவரின் நாற்காலியைப் பற்றி ஒரு பத்தி எழுதவில்லை.

இதன் விலையை யார் தருகிறார்கள்? நண்பர் வீட்டுப் பையன், ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறவன், 2023இல் புதுப்பித்து வந்த 'டெட் ஸ்பேஸ்' பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, அப்பா எக்ஸாக்டா என்ன வொர்க் பண்றாங்கன்னு எனக்குத் தெரியாது. கதவு சாத்தி இருக்கும். கேம் ஆடறப்போ, ஓ, இப்படித்தான் இருக்கும்போலன்னு தோணிச்சு." இந்தப் பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை என்று வருந்துகிறோம். வார இறுதிப் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் இறக்குகிறோம். அவன் தன் அப்பாவைத் தெரிந்துகொள்ள ஒரு தமிழ்க் கதையைத் தேடினால், அங்கே அப்பா குளத்தில் நீந்திக்கொண்டிருக்கிறார். ரெட்வுட் ஷோர்ஸில் யாரோ முகம் தெரியாத முதுகு ஒன்றை வரைந்துவைத்ததால் அவனுக்கு ஏதோ புரிந்தது. அது அவர்களுக்குப் பெருமை. நமக்கு?

அந்த ஆட்டத்துக்கும் எல்லை உண்டு. அதற்கு வெட்டத் தெரியும், ஓடத் தெரியும். ஐசக்குக்கு ஊர் இல்லை. சம்பளத்தை எதிர்பார்க்கும் தம்பி இல்லை. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் மேலாளரும் அவன் ஊர்க்காரராகவே இருந்து, சாதியை விசாரித்துவிட்டு வேலை கொடுக்கும் சிக்கல் இல்லை. தன் வேலையைத் தனக்குப் பதிலாக வரப்போகிறவருக்குத் தானே கற்றுக்கொடுக்கும் நாலு வாரம் இல்லை. அவன் பேசவும் இல்லை. இவற்றையெல்லாம் சொல்ல மொழி வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. வேறு யாரும் வந்து இதைத் தமிழில் எழுதித் தரப்போவதில்லை.

ஆகவே பத்திரிகைகளுக்கு, இந்த இதழ் உட்பட, என் கோரிக்கை இது. ஓராண்டுக்கு ஆற்றங்கரைக் கதைகளைத் திருப்பி அனுப்புங்கள். நள்ளிரவில் விழுந்த சர்வரைப் பற்றி எழுதுபவரைத் தேடுங்கள். 60 நாளில் எழுதிய நாட்குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எச்-4 விசாவில் பகல்களைக் கழித்தவர்களை எழுதவையுங்கள். பேய் வந்தால் வரட்டும், விண்கப்பல் வந்தால் வரட்டும். வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரிய பிள்ளை இருட்டு அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு இதை ஆடிக்கொண்டிருந்தால், "எப்பப் பாரு கேம்" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். திரையில் ஓடுகிற அந்த ஆள் என்ன வேலைக்கு வந்தவன், யார் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பிறகு, உங்கள் வேலை என்ன என்பதையும் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள்.